ஜெர்மன் ஆன்ட்டியின் முழங்கால்

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவரைப் பேட்டி கண்டு, அவர் பார்த்த வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எழுதி, பெற்றோர்கள் வரும் மாலையில் வாசிக்க வேண்டும். உண்மையை மட்டும்தான் எழுத வேண்டும், ‘ஏன்’ என்று கேட்காமல் எதையும் விடக்கூடாது என்று டீச்சர் இரண்டு முறை சொன்னார். எனக்கு ஒரு முறையே போதும். பத்து வயதில் என்னிடமிருந்த ஒரே கெட்ட பழக்கம் நேர்மை.

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் அபார்ட்மென்டிலிருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் அப்பாவைப் பேட்டி கண்டார்கள். எல்லா அப்பாக்களும் கம்ப்யூட்டர். நானும் போய் ஏழாவது கம்ப்யூட்டர் கட்டுரையை வாசிக்க விரும்பவில்லை. அம்மாவைக் கேட்கலாமென்றால், கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர் வேலையை விட்டே மூன்று வருஷமாகியிருந்தது. ஏன் விட்டீர்கள் என்று எந்த ஆன்ட்டி கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான். “முதுகு வலிங்க. நின்னு கிளாஸ் எடுக்க முடியல.” அப்பாவுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்த அதே மாதம்தான் அம்மாவுக்கு முதுகு வலியும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். வீட்டில் கீழே விழும் எதையும் அம்மா குனிவதற்குள் பாய்ந்து எடுப்பதை நானே என் பொறுப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகவே கீழ்வீட்டு ஜெர்மன் ஆன்ட்டியைப் பிடித்தேன். ஆன்ட்டி அவர் நாட்டுக்காக ஹாக்கி ஆடியவர். கணவருக்கு இங்கே ஒரு மருந்து கம்பெனியில் வேலை கிடைத்து, இருவரும் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தினமும் சாயங்காலம் பார்க்கிங் லாட்டுக்குப் பின்னாலிருந்த சுவரில் மட்டையால் பந்தை அடித்துக்கொண்டிருப்பார். டொக், டொக் என்று எங்கள் சமையலறைவரை கேட்கும். ஹாக்கி ஊரில் ஆம்பிளைகள் ஆடும் ஆட்டம் என்றார் அப்பா. இங்கே அமெரிக்கப் பள்ளிக்கூடங்களிலோ குட்டைப் பாவாடை போட்ட அக்காக்கள்தான் ஆடினார்கள். பையன்களைக் கேட்டால் ஹாக்கி என்றால் பனிக்கட்டியில் ஆடுவது என்றார்கள். எதை எழுதுவதென்று தெரியாமல் மூன்றையும் எழுதிக்கொண்டேன்.

பேட்டி எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். ஆறு வயதில் அண்ணனின் பழைய மட்டையோடு ஆரம்பித்ததாக ஆன்ட்டி சொன்னார். பத்தொன்பது வயதில் தேசிய அணி. பெனால்டி கார்னரின்போது எதிரணிக்காரி பந்தை அடிக்க மட்டையை ஓங்குவாள். கோல் கோட்டிலிருந்து புறப்பட்டு நேராக அவளை நோக்கி ஓட வேண்டும். அதுதான் ஆன்ட்டியின் வேலை. பந்து வந்தால் எல்லாரும் விலகுவார்கள், நான் எதிரே ஓடுவேன் என்றார். அப்படி ஓடியதில் டெல்லியில் ஒரு பல் போயிருக்கிறது. அதைக் கேட்டதும் அம்மா இந்தியாவின் சார்பில் மன்னிப்புக் கேட்டு இன்னொரு தோசை வைத்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டேன். டீச்சரின் உத்தரவு.

கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டு, உடனே அதை எழுதாதே என்றார். எனக்குக் குழப்பமாகிவிட்டது. அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஜெர்மன் அணியே அமெரிக்காவுக்கு வரப்போகிறது, இவரோ ஏற்கெனவே அமெரிக்காவில்தான் இருக்கிறார். காரில் போய் இறங்கி ஆடிவிட்டு வரலாமே என்று வழி சொல்லிக்கொடுத்தேன். ஆன்ட்டி சிரித்தார். பிறகு எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார். கணவர் என்னை வா என்று வற்புறுத்தவில்லை, முடிவை என்னிடம்தான் விட்டார், நீ வாசிக்கும் அன்று அவரும் கேட்க வருவார், இத்தனை பேர் முன்னால் அவர் காதில் இது விழ வேண்டாம் என்றார்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். “முழங்கால்னு எழுதீரு கண்ணு. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க.”

அதையே ஆன்ட்டியிடம் ஆங்கிலத்திலும் சொன்னார். ஆன்ட்டி அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சரியென்று தலையாட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. போன வாரம்தான் நான் மறந்துவிட்டுப் போன லஞ்ச் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸைத் துரத்தி, அடுத்த ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்ற ஆன்ட்டியின் முழங்கால் அது.

“பொய்ம்மா அது. மார்க் போயிரும்!”

“அப்ப உங்கப்பாவப் பத்தி எழுது, போ.”

முழங்கால் என்றே எழுதினேன்.

பெற்றோர்கள் வந்த அந்த மாலையில் ஆன்ட்டியின் கணவர் பூங்கொத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி ஒரு காலை மடக்கி மண்டியிட்டிருந்த அணிப் படத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு வாசித்தேன். முழங்காலில் பட்ட அடியால் ஆட்டத்தை நிறுத்தினார் என்று முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். கணவர் மட்டும் தட்டவில்லை. முகம் வெளுத்து மனைவி பக்கம் திரும்பி, எந்த முழங்கால், ஏன் என்னிடம் சொல்லவேயில்லை என்று கேட்டார்.

“லெஃப்ட்” என்றார் ஆன்ட்டி.

“ரைட்” என்றார் அதே நொடியில் பின்வரிசையிலிருந்து அம்மா.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஷூவைப் பார்த்தேன். ஆன்ட்டி நிதானமாக, இரண்டும்தான் என்றார். கணவர் அதை அப்படியே நம்பிவிட்டார். பார்க்கிங் லாட்வரை அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடக்க, ஆன்ட்டி நொண்டிக்கொண்டே போனார். படி இறங்கும்வரை இடது காலால், இறங்கிய பிறகு வலது காலால்.

“பாவம், முழங்கால் போச்சுன்னா அவ்வளவுதான். உங்கம்மாவுக்கு முதுகு போன மாதிரி” என்றார் அப்பா, காரில். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளே கணவர் ஆன்ட்டியின் இரண்டு முழங்கால்களுக்கும் பட்டி வாங்கிவந்து மாட்டிவிட்டார். அன்றிலிருந்து பின்சுவரில் பந்துச் சத்தம் இல்லை. சாயங்காலமானால் அம்மா சமையலறையில் வேலையை நிறுத்திவிட்டு எதற்கோ காது கொடுத்து நிற்பார். என் கட்டுரைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அதை அம்மாவிடம் காட்டியபோது அவர் சந்தோஷப்படவில்லை. மார்க் போய்விடும் என்று அழுதவள் நான், அம்மாவுக்கு என்ன வந்தது என்று விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை இந்தியன் ஸ்டோரிலிருந்து வந்து இறங்கியதும், அம்மா இருபது பவுண்ட் அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று மாடிப்படி ஏறினார். நான் பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன்.

“அம்மா, முதுகு!”

பாதிப் படியில் நின்று திரும்பினார். உண்மையாகவே புரியாத முகம்.

“எந்த முதுகு?” என்றார்.

எனக்கு அப்படியொரு நிம்மதி. வேலையை விட்டு வீட்டிலிருந்தால் மூன்றே வருஷத்தில் வலி மறந்தே போய்விடும் போலிருக்கிறது, ஜெர்மன் ஆன்ட்டிக்கும் அப்படியே சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அம்மாவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.