தீனி எடுக்காத பவளம்

கடத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துப் புழு மனைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்தால், பட்டுப்புழுக்கள் மல்பெரி இலை தின்னும் சத்தம் தூறல் போலக் கேட்கும். மன்னார் வளைகுடாவில் முங்கினாலும் பவளத் திட்டுகளைச் சுற்றி அப்படியொரு சடசடப்பு உண்டு. எந்தச் சத்தம் எங்கே கேட்டது என்று கனவில் எனக்குக் குழம்பிவிடும். முங்குவதுதான் என் வேலை. உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வளர்க்கிறோம். "குடத்துத் தண்ணிக்குச் சண்ட போட்ட ஊர்ல பொறந்துட்டு, தண்ணிக்குள்ளயே வூடு கட்டிக் குடியிருக்கா" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கோடையில் கடலே வெந்நீராகிவிட்டது. தீவுக்குத் தீவு பவளம் வெளுத்தது. நான் கட்டிய சட்டங்களும் தப்பவில்லை. விடுப்பில் வந்தபோது போனில் படத்தைக் காட்டினேன். அம்மா வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, என்னா வெளுப்பு. ஒரு கறை இல்ல. சந்தைக்குப் போட்டா மொத தரம்."

பட்டுக்கூடு எடுக்கிற வீட்டில் வெள்ளைதானே விளைச்சல். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நல்லாப் பாரும்மா. அது பட்டினி கெடக்குது" என்றேன். பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருந்து நிறமும் சோறும் கொடுக்கும். சூடு தாங்காவிட்டால் பவளம் அதை வெளியே தள்ளிவிடும். இன்னும் சாகவில்லை, தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும் என்றேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. வெக்கையில் இலையைத் தொடாமல் கிடக்கும் புழுக்களை அவள் பார்த்திருக்கிறாள். மனையைச் சுற்றி அவள் நனைத்துக் கட்டிய சாக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அங்க ஈரச்சாக்கு கட்ட முடியாதா?" என்றாள்.

அதன்பிறகு காலையில் காப்பி கொடுக்கும்போதே கேட்பாள். "தீனி எடுத்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

ஒரு மத்தியானம் மனைக்குள் இலை போட்டுக்கொண்டிருந்தோம். எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் படகுக்கார அண்ணன் அனுப்பிய படம் வந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"பச்ச கட்டிடுச்சு பாரு. பொழச்சிக்கிச்சு."

அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு. ஆனால் அது வேறு பாசி, செத்த பவளத்தின் மேல் படர்வது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாமேவா?"

"எல்லாந்தான்."

புழு இருக்கும் இடத்தில் யாரும் அழக்கூடாது என்பது அம்மா வைத்த சட்டம். கையைப் பிடித்து வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே வாய்விட்டு அழுதேன். மல்பெரித் தோட்டம் கண்ணீருக்குள் மெல்ல ஆடியது. உள்ளே புழுக்கள் தின்னும் சத்தம் நிற்கவேயில்லை.

"எங்களுக்குப் புழு கெட்டா, மனையக் கழுவிச் சுண்ணாம்பு தூவிட்டு அடுத்த முட்டைக்குச் சொல்லிடுவோம்" என்றாள் அம்மா. "கடல எங்க கொண்டுபோயிக் கழுவறது, கண்ணு."