ஓரத்தில் ஒன்றும் எழுதாத புத்தகம்

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். அதிலும் நாலாம் வகுப்பு கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு; எண்ணிப் பார்த்தால் ஐந்தே வருடப் படிப்பு. அதை வைத்துக்கொண்டு திருச்சி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி போட்டேன், சொந்தமாக லாரி ஓட்டினேன், ஸ்ரீரங்கத்தில் மூன்று மாடி வீடு கட்டினேன். எம்.காம். படித்த என் கணக்குப்பிள்ளை கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் இத்தனை தார், இத்தனை சீப்பு, ஆக இத்தனை காய் என்று நான் சொல்லி முடித்திருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

போன மாதம் பேத்தி படிக்கிற ஸ்கூலில் என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கென்று தனி வகுப்பு ஆரம்பிக்கிறார்களாம். நான் மூன்றாம் வகுப்பிலிருந்து நேரே ஐந்தாம் வகுப்புக்கு டபுள் புரமோஷன் வாங்கின கதையைச் சொன்னேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்ததும் திருவெள்ளறையில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவள் ஒன்றுதான் கேட்டாள்.

"புஸ்தகத்தப் பத்திச் சொன்னியாடா?"

"நேரம் பத்தலக்கா."

"சரி சரி. சாப்ட்டியா?"

மேடையில் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்போது ஸ்ரீரங்கத்து ராயகோபுரம் மேல்நிலைகள் கட்டப்படாமல் மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. அதற்கும் மேற்கே, கொள்ளிடக் கரையோர வாழைத்தோட்டம் ஒன்றில் அப்பாவுக்கு வேலை. அக்கா நாலாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. எங்களுக்குப் பிறகு ஒரு கைக்குழந்தைத் தம்பி. அக்காவுக்குத்தான் ஒவ்வொரு வருடமும் புதுப் புத்தகம். அவள் வகுப்பு ஏறியதும் அந்தப் புத்தகம் என் பைக்கு வந்துவிடும்.

அக்காவின் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு அம்புக்குறி இருக்கும். அம்பு முடிகிற இடத்தில் அவளாகக் கண்டுபிடித்த குறுக்கு வழி. தொண்ணூற்றெட்டை ஆறால் பெருக்க வேண்டுமா, 'நூறு என்று வைத்துக்கொள், அறுநூறு, பன்னிரண்டைக் கழி' என்று எழுதியிருப்பாள். இருபத்தைந்தால் பெருக்க வேண்டுமா, 'நாலால் வகு, ரெண்டு சைபர் போடு.' வாத்தியார் இதையெல்லாம் சொல்லித் தந்ததே இல்லை. எல்லா வீட்டிலும் மூத்த பிள்ளைகள் இப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள், மற்ற பையன்கள் சோம்பேறித்தனத்தால் படிப்பதில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் கணக்கைச் சொல்லி வாயை மூடுவதற்குள் நான் விடை சொல்வேன். விஷயம் பெரிய வாத்தியார் வரைக்கும் போனது. அவர் ஒரு சாயங்காலம் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அடுத்த வாரம் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்றார். பையன நிறுத்திக் காட்டுறேன். அவர் தலையாட்டிட்டார்னா, நாலாவதே வேண்டாம், நேரா அஞ்சாவதுதான்" என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பெரிய வாத்தியார் போனதும் பெரியப்பாதான் பேசினார். எங்கள் வீட்டில் முடிவு சொல்வது எப்போதும் அவர்தான்.

"அப்ப வர்ற வருஷம் ரெண்டும் ஒரே கிளாஸ்ல உக்காருமா? ரெண்டு செட்டு புஸ்தகத்துக்கு எங்க போறது? புள்ள நின்னுக்கட்டும். கைப்புள்ளயப் பாத்துக்கவும் ஆளாச்சு."

புள்ள என்றது அக்காவை. கொல்லைப்புறத்தில் அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, இன்ஸ்பெக்டர் கேக்கறப்ப ஒண்ணே ஒண்ணு தப்பாச் சொல்லிடுறியா?"

"எதுக்கு?"

"நீ நாலாவது படி. நான் அஞ்சாவது படிக்கிறேன். எப்பவும் போல புஸ்தகம் உனக்குத்தான வரும். ஒண்ணே ஒண்ணுடா."

சரி என்று தலையாட்டினேன். அவள் கை சில்லென்று இருந்தது ஞாபகம் இருக்கிறது.

தலையாட்டுவது சுலபம். அதற்குப் பிறகு வந்த எட்டு நாளும் எனக்கு அதே வேலைதான். சரியான விடை தானாக வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும்; தப்பான விடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்று குறைத்துச் சொன்னால் வாய் தவறியதாக எடுத்துக்கொண்டு மறுபடி கேட்பார்களோ? ஐம்பது குறைத்துச் சொன்னால் வேண்டுமென்றே சொன்னது தெரிந்து பெரிய வாத்தியார் பிரம்பை எடுப்பாரோ? குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் தப்பு விடைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இப்போதே கணக்குப் போடுகிறது என்று அம்மா பூரித்துப்போய் எனக்கு ஒரு கரண்டி தயிர் கூடுதலாக ஊற்றினாள். அக்கா அந்தத் தயிரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எதிரில் வரும்போதெல்லாம் ஒரே ஒரு விரலை மட்டும் காட்டுவாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்றாம் வகுப்புக்கும் நாலாம் வகுப்புக்கும் நடுவே ஒரு கரும்பலகைதான் சுவர். அன்றைக்கு அதை நகர்த்தி ஒரே கூடமாக்கியிருந்தார்கள். அக்கா பெண்கள் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு கணக்கையும் என்னிடம் கேட்டார். சொல்லிவிட்டேன். தப்பை மூன்றாவதுக்கு என்று வைத்திருந்தேன்.

மூன்றாவது கணக்கை அவர் முதலில் நாலாம் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு தார்ல ஒம்பது சீப்பு. சீப்புக்குப் பதினெட்டுப் பழம். மொத்தம் எத்தன?"

பையன்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையில் ஒரு கை மேலே வந்தது. அக்காவின் கை. பெரிய வாத்தியார் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே அதட்டி, கையைக் கீழே போடு என்று சைகை காட்டினார். நாலாம் வகுப்புக்குத் தெரியாததை மூன்றாம் வகுப்புப் பையன் சொல்ல வேண்டும், அதுதான் அவர் போட்டிருந்த திட்டம். கை கீழே இறங்கியது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நூற்று அறுபத்தொன்று என்று தப்பு விடையை நான் தயாராகப் பிடித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன், வரவில்லை. அக்கா ஒரு விரலை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் குனிந்து என் கன்னத்தைத் தட்டினார்.

"தெரியலன்னா பரவால்ல தம்பி. சின்னப் பையன்தான நீ."

பின்வரிசையில் யாரோ கிக்கென்று சிரித்தார்கள்.

"நூத்தி அறுவத்தி ரெண்டு!" என்று கத்தினேன்.

பெரிய வாத்தியார் என்னைத் தூக்கிவிட்டார். இன்ஸ்பெக்டர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சில் எடுத்துக் கொடுத்தார். அப்பா என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்து, சித்திரை வீதியில் இருந்த சொந்தக்காரர் வீடு வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது அக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று பயந்தேன். பென்சிலைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். நல்லா இருக்கு என்றாள்.

ஜூன் மாதம் அக்கா நின்றுவிட்டாள். எனக்குப் புத்தம் புதிய ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வந்தது. திறந்து பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. பின்னம் என்றார்கள், தசமம் என்றார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மாதத்துக்குள் பெரிய வாத்தியாருக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னடா ஆச்சு உனக்கு? மூளைய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டார்.

புத்தகம் சரியில்லை சார் என்று சொன்னேன். அடி விழுந்தது. எனக்கு அதுதான் உண்மையாகப் பட்டது.

அன்று சாயங்காலம் புத்தகத்தையும் அந்தச் சிவப்புப் பென்சிலையும் அக்காவிடம் நீட்டினேன்.

"இதுலயும் எழுதிக் குடு."

தம்பி அவள் இடுப்பில் சிணுங்கிக்கொண்டிருந்தான். ஒரு கையாலேயே புத்தகத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். பென்சிலை வாங்கி ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டாள். அதற்குள் தம்பி வீறிட்டு அழுதபடி பென்சிலைப் பிடித்து இழுத்தான்.

"இவன ஒரு மணி நேரம் தூக்கிக்கிறியா? பாத்துச் சொல்றேன்" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கிற ஆண்பிள்ளை குழந்தை தூக்கிக்கொண்டு நிற்பேனா? கொள்ளிடத்து மணலில் பையன்கள் வேறு எனக்காகக் காத்திருந்தார்கள். மதகடியில் சொன்னபடி நான் நடந்துகொள்ளாததால் அக்கா வேண்டுமென்றே பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் புத்தகத்தைத் திறந்தபோது அந்த அம்புக்குறி மட்டும் இருந்தது, முனையில் ஒன்றும் இல்லாமல். புதுப் புத்தகத்தில் கிறுக்கியதற்கு வாத்தியார் அடிப்பாரே என்று பயந்து, எச்சில் தொட்டு அதை அழித்துவிட்டேன்.