ஏழு அணிகளுக்கு ஆடிய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் காலமாகி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டியது தம்பியாகிய என் கடமை. அவரைப் பற்றி ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் எங்கும் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் பிறந்தது மயிலாப்பூரில், லஸ் டிராம் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். எங்கள் நைனா டிராம் ஓட்டுநர். ஒரே தண்டவாளத்தில் இருபது வருஷம் போய் வந்தவர். மூத்த மகனும் அதே வேலைக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை. அண்ணனோ சாந்தோம் கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர். ஒரு நூல் ஆலையில் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்நாளில் பந்து ஆடுவதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. பெயருக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். கால் ஓடும் வரை அந்த வேலையும் ஓடும்.

அவர் ஆடியது நடுவரிசையில். முன்னால் ஐந்து பேர் கோல் போடுவார்கள், பின்னால் இரண்டு பேர் தடுப்பார்கள், இடையில் மூவர் இரு பக்கமும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அந்த மூவரில் அண்ணன் ஒருவர். பூட்ஸ் போட்ட பட்டாளத்துக்காரர்களோடு வெறுங்காலில், கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடினார். மறுநாள் பத்திரிகையில் கோல் போட்டவர் பெயர் வரும். அண்ணன் பெயர் வந்ததே இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

ஆலையிலிருந்து ரயில்வே பட்டறை, அங்கிருந்து பெங்களூர், பிறகு கல்கத்தாவில் இரண்டு அணிகள். பாதி இடங்களில் அணிக்காரர்களே போகச் சொன்னார்கள். மீதி இடங்களில் இவருக்கே இருப்புக் கொள்ளவில்லை. இதற்கிடையில் திருவல்லிக்கேணியில் பெண் பார்த்துக் கல்யாணம் நடந்தது. பத்தாம் நாள் அண்ணியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு மெயில் ரயில் ஏறிப் போனவர், எட்டு மாதம் கழித்துத்தான் வந்தார்.

நைனா மாரடைப்பில் தவறியபோதும் அவர் கல்கத்தாவில் இருந்தார். தந்தி கொடுத்தும், வந்து சேர நான்கு நாளாயிற்று. மூத்தவர் இருக்க, இளையவன் நான் கொள்ளி வைத்தேன். வாசலில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து, “இன்னாத்துக்கு இப்ப வந்தே?” என்று கேட்டேன். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் அப்படிக் கேட்டது என் தவறு. அவர் பெட்டியை வைத்துவிட்டு அடையாறு வரைக்கும் நடந்தே போய், நடந்தே திரும்பி வந்தார். அதன்பின் கல்கத்தாவுக்குப் போகவில்லை. ஆனால் நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேச இரண்டு வருஷம் ஆயிற்று.

இங்கேயே ஒரு வியாபாரக் கம்பெனியின் அணியில் சேர்ந்தார். இனியாவது நிலைத்து இருப்பார் என்று அம்மா நிம்மதி அடைந்தார்கள். ஒரு முக்கியமான ஆட்டத்துக்கு முன், கம்பெனி அணியின் செயலாளர் அவரைத் தனியே அழைத்தார். எதிர் அணியின் முன்வரிசைக்காரருக்கு ஏற்கெனவே கணுக்காலில் அடி. “அந்தக் காலையே பாத்து ஒரு உதை வெச்சுடு” என்றார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு மைதானத்தில் இறங்கினார், வைக்கவில்லை. அந்த முன்வரிசைக்காரர் போட்ட ஒரே கோலில் அண்ணனுடைய அணி தோற்றது. திங்கட்கிழமை காலையில் அவருக்கு வேலை இல்லை.

வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. தினமும் சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டு, ஆழ்வார்பேட்டை, கோபாலபுரம் என்று வெயிலில் சுற்றிவிட்டு மாலையில் வந்தார். நைனாவோடு வேலை பார்த்த டிராம் கண்டக்டர் ஒருவர் சொல்லித்தான் அண்ணிக்குத் தெரிந்தது. சாப்பாடு போடும்போது கேட்டார்கள்.

“வேலை போச்சுன்னு ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அழுவே.”

“நான் அழல. அடுத்து எந்த ஊருன்னு சொல்லு. இந்த வாட்டி நானும் வரேன்.”

அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு சாப்பிடாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கொல்லையில் நின்று அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். நைனா விஷயத்துக்குப் பின் அன்றுதான் நானாகப் போய் அவரிடம் பேசினேன். “அந்த ஆள் கால உதைச்சிருந்தா வேலை இருந்திருக்குமே?” என்று கேட்டேன். “அவனும் காலை வெச்சித்தாண்டா சோறு தின்றான்” என்றார்.

ஏழாவது அணி கோலார் தங்கவயலில். அண்ணியும் உடன் போனார்கள். அங்கே மூன்று வருஷம் இருந்தார்கள். ஓர் அணியில் அவர் அத்தனை காலம் இருந்தது அங்கேதான். மகள் அங்கேதான் பிறந்தாள். வலது முழங்கால் பழுதானதும் ஊர் திரும்பினார். அதன்பின் ஆட்டத்துக்கு விசில் ஊதப் போனார். நொண்டிக்கொண்டே ஓடுவதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மாம்பலத்தில் வீடுகள் எழும்பாத மனைகளில் பந்து ஆடுகிறார்கள் என்றால் அங்கும் போய்விடுவார்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் அப்படி நனைந்து வந்ததில் காய்ச்சல் கண்டு, அது மார்பில் இறங்கியது. பதினோரு நாள் படுத்திருந்தார். எங்களுக்கு நினைவு தெரிந்து அவர் அத்தனை நாள் படுத்ததே இல்லை. போர்வைக்குள் கால் அசைந்துகொண்டே இருக்கும். அண்ணி அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசி நாள் காலையில் அது நின்றது. அவருக்கு வயது முப்பத்தெட்டு.

கூப்பிட்டபோதெல்லாம் வந்து பார்த்த மருத்துவருக்கும், மருந்து வாங்க ஓடிய எதிர்வீட்டு பாய்க்கும், தங்கவயலிலிருந்து இரவெல்லாம் ரயிலில் நின்றே வந்த நண்பர்களுக்கும் நன்றி கூறுகிறோம். ஒருவரையொருவர் எதிர்த்தே ஆடிவந்த நான்கு அணிகளின் ஆட்டக்காரர்கள் அன்று பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். அவர்கள் வேகமாகக் கிளம்பியதைப் பார்த்து அண்ணி வாசல்வரை வந்து, “மெல்லத் தூக்கிக்கினு போங்க. இன்னிக்கு அவருக்கு எங்கியும் அவசரமில்ல” என்றார்கள். மயானம் வரை அந்தச் சொல்லைக் காத்து, அடிமேல் அடிவைத்து நடந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.