பதிவேட்டில் ஏறாத மாப்பிள்ளை

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோன் வைத்திருக்கிறேன். கருப்பையா என்னிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தான். உறவு எதுவுமில்லை. ஆனாலும் அவனை "மாப்ளே" என்றுதான் கூப்பிடுவேன். அவன் மனைவி செல்வி என்னை "அண்ணே" என்பாள்.

ஒருமுறை, "வேலையாள் பதிவேட்டுல எம்பேரையும் ஏத்திருங்க மச்சான்" என்று கேட்டான்.

"நீ என்ன வேலைக்காரனா மாப்ளே?" என்றேன். அவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பதிவேட்டில் ஒரு பெயர் குறைந்தால் பி.எஃப்., இன்சூரன்ஸ் என்று எனக்கு ஒரு தொல்லை குறைவு, அவ்வளவுதான்.

போடிமெட்டிலிருந்து என் குடோனுக்குக் காய் லோடு ஏற்றி வந்த ஜீப்பு கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து கருப்பையா இறந்துபோனான். செல்வி தொழிலாளர் அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு மனுக் கொடுத்தாள். பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டாலும் நான் "ஆமாம், என்கிட்ட வேலை பார்த்தவன்தான்" என்று சொன்னாலே போதும் என்பதை வக்கீல் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "அவர் உங்க தொழிலாளியா?"

"இல்ல சார். சொந்தக்காரன். ஒத்தாசைக்கு வருவான்."

செல்வி சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவளோ எனக்காகப் பரிந்து பேசினாள்.

"ஆமாங்கய்யா. அண்ணன் அவரை மாப்ளேன்னுதான் கூப்பிடுவாக. வேலைக்காரன்னு ஒருநாளும் சொன்னதில்ல."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவள் வாயாலேயே மனு விழுந்தது.

இப்போது யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே பெயர் எழுதிவிடுகிறேன். யாரையும் முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை.

கடைத்தெருவில் பார்த்தால் செல்வி இன்றும் சிரித்தபடி, "நல்லாருக்கீகளாண்ணே?" என்று கேட்கிறாள். நான் ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் பணம் கிடைத்திருக்கும் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.