நாதன் அண்ணன் வாசித்த கடைசிப் பாட்டு

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வில்லியனூரில் ஒரு மளிகைக் கடை மாடியில் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பே.

மடுகரை நாதன் அண்ணன் ராக் டிரம்மர். வாரமெல்லாம் திருபுவனையில் கம்பெனி வேலை, ஞாயிறானால் என்னிடம் வந்துவிடுவார். அவர் தனியாகப் போட்ட இரண்டு ஆல்பம், மற்ற குழுக்களோடு சேர்ந்து வாசித்த நான்கு, எல்லாமே நான் பதிவு செய்தவை. ஆரம்பிக்கும் முன் குச்சிகளை நான்கு தடவை தட்டுவார், முடிந்ததும் "இன்னொரு வாட்டி போலாமா பாபு?" என்பார். இரண்டையும் பதிவிலிருந்து வெட்டிவிடுவேன், அது வழக்கம்தான்.

கடைசி ஆல்பத்தின்போது அவருக்கு உடம்பு சரியில்லை, இடது கை நடுங்கியது, அடி பிந்திப் பிந்தி விழுந்தது. அன்றும் இன்னொரு வாட்டி கேட்டார். "சூப்பரா வந்துச்சிண்ணே, வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்று அனுப்பிவிட்டு, அவருடைய பழைய ஆல்பத்திலிருந்தே அடிகளை எடுத்து ஒட்டிப் பாட்டை முடித்தேன். யாருக்கும் தெரியக்கூடாதென்று அன்று அவர் வாசித்ததை மொத்தமாக அழித்தும் விட்டேன். அடுத்த மாதமே அண்ணன் இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் அவர் மனைவி புவனா அண்ணி பென்டிரைவோடு வந்தார்.

"அவரு வாசிச்சது எல்லாத்தையும் இதுல போட்டுக் குடு பாபு. கடைசிப் பாட்டை மட்டும் இப்பவே கேக்கணும்."

இருபது வருஷம் அந்தக் கை வாசிப்பதைக் கேட்டு வாழ்ந்தவர், நான் ஒட்டியதைக் கண்டுபிடிக்காமல் இருப்பாரா? வேறு வழியில்லாமல் போட்டேன்.

நம்பினால் நம்புங்கள், முதலில் குச்சி தட்டும் சத்தம், சரியாக நான்கு. அப்புறம் டிரம்ஸ், இடது கை பிந்திப் பிந்தி விழுகிறது. திரையில் நான் ஒட்டிய அடிகள் கோடு பிசகாமல் ஓடுகின்றன, காதில் விழுவதோ நான் அழித்தது. வேறு ஏதாவது ஓடுகிறதா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

"கை நடுங்குது பாரு. முடியாமயே வாசிச்சிருக்காரு மனுசன்" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்த பென்டிரைவை வாங்கிக்கொண்டு அவர் போனதும் திரும்பப் போட்டேன். குச்சிச் சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை, நான் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. எத்தனை தடவை போட்டும் அப்படியேதான்.

போன வாரம் அண்ணி போன் செய்தார். "நீ குடுத்த பென்டிரைவுல அந்தக் கடைசிப் பாட்டு முடிஞ்சதும் அவரு கொரல் வருது பாபு. இன்னொரு வாட்டி போலாமான்னு உன்னைத்தான் கேக்கறாரு. அதுக்கப்புறம் சத்தமே இல்ல. நீ இன்னாபா பதில் சொன்ன?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அன்று அவருக்கு நான் உடனே பதில் சொன்னவன். சூப்பரா வந்துச்சி என்ற அந்தப் பொய் மட்டும் ஏன் அதில் இல்லை? அவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.