சமையற்கட்டு ஆணியில் ஒரு கையுறை

வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரிய கங்காணி வீட்டில், நோயாளியைக் கவனிப்பது என் வேலை. இங்கே நான் சமையற்கட்டுக்குள் நுழையும்போது ரப்பர் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும். மலச்சட்டியை எடுக்கப் போகும்போது அதைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், அச்சுக் கோப்பவர் வரிகளை இடம் மாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நான் எழுதியபடியேதான் இருக்கிறது.

பெரிய கங்காணி எங்கள் ஊர்க்காரர். திருச்சிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் அவர் மேலத்தெரு, நான் சேரி. அந்தக் காலத்தில் தோட்டக் கூலிக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்து இந்த மலையில் இறக்கியவர்களில் ஒருவர். ஜனங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு அறைக்குள் முடங்கிக் கிடக்க, அவருக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்த தனி வீடு. பக்கவாதத்தில் விழுந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதும், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பெண்பிள்ளை வேண்டும் என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினார். திருச்சி மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்த நான்தான் அகப்பட்டேன். தற்காலிக விசா. அவர் வீட்டில் வேலை இருக்கும் வரைதான் அது செல்லும். அவர்கள் போ என்றால் தலைமன்னாரில் கப்பலேற வேண்டியதுதான்.

அப்படியும் ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் டீக்கடையின் பின்பக்கச் சுவரில் ஒரு ஆணி உண்டு. அதில் கயிறு கோத்த கொட்டாங்கச்சி தொங்கும். எங்கள் தெருக்காரர்கள் அதை எடுத்து நீட்டினால் தூக்கி ஊற்றுவார்கள். குடித்துவிட்டு நாமே கழுவி அதே ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். ஆஸ்பத்திரி வேலை கிடைத்து, வெள்ளைப் புடவை கட்டி, சம்பளம் வாங்கிய பிறகும் எனக்கு அந்தக் கொட்டாங்கச்சிதான். கடல் தாண்டினால் அந்த ஆணி என் பின்னாலேயே வராது என்று நம்பினேன்.

மழைக்காலத்தில் தோட்டத்துக்கு டைபாய்டு வந்தது. லயங்களில் பலர் விழுந்தார்கள். பெரிய கங்காணிக்கும் வந்தது. சமையல்காரப் பெண் பயந்து நானுஓயாவில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். தோட்டத்து டிஸ்பென்சர் சிங்களவர். நல்ல மனிதர், தமிழ்தான் அரைகுறை. அவர் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் கிருமி கொல்ல ஒரு போத்தல் லைசாலும் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, நோயாளி படுத்திருந்த அறையைக் காட்டினார். லயத்துக்கு இப்படி ஒரு ஜோடிகூடப் போகவில்லை. அங்கே தாயின் மலத்தை மகள் வெறுங்கையால் அள்ளிவிட்டு, விடிந்தால் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்க நாதியில்லை.

கையுறை எனக்குப் புதிதல்ல. திருச்சியில் எங்கள் வார்டு கன்னியாஸ்திரீ, "வெளிப்பக்கம் நோயாளியோடது, உட்பக்கம் உன்னோடது, ரெண்டையும் கலக்காதே" என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் பழக்கியிருந்தார். மணிக்கட்டில் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். கையுறையைக் கொதிநீரில் போட்டு எடுத்து, நோயாளியின் அறை வாசலிலேயே உலர்த்த வேண்டும். வேறெங்கும் அது போகக்கூடாது. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

ஆனால் கங்காணியின் மனைவி அலமேலம்மாள் அந்தக் கையுறையைப் பார்த்த கண் வேறு. மறுநாள் காலையில் அது சமையற்கட்டு வாசலில் ஒரு புது ஆணியில் தொங்கியது.

"சமையலுக்கு ஆளில்ல. இனிமே நீதான் தண்ணி மொள்ளணும், காய் நறுக்கணும். இத மாட்டிக்கிட்டு உள்ள வா. அப்ப நீ தொட்டதா ஆகாது," என்றார்.

"அம்மா, இது ஐயாவோட அறைக்குக் குடுத்ததுங்க. மலம் அள்ளத்தாங்க இது."

"கட்டின புருஷன் மலம். அவர ரப்பர் போட்டுத் தொட்டா அருவருப்புப் படுற மாதிரி இருக்காதா? உனக்கு என்ன வந்துச்சு, கழுவுனா போயிடும்."

என் கைக்கும் அவர் வீட்டுச் செம்புக்கும் நடுவில் ரப்பர் வேண்டும். என் கைக்கும் நோய்க்கும் நடுவில் ஒன்றும் வேண்டாம். இதை ஊரில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்தால் விசா போகும். லைசாலைத் தண்ணீரில் கலந்து தோல் உரியும் வரை கையைக் கழுவிவிட்டு, அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக் கத்திரிக்காயை நறுக்கினேன்.

ஒரு நாள் டிஸ்பென்சர் வந்தபோது நான் சமையற்கட்டில் கையுறையோடு நின்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த வீட்டில் எவ்வளவு சுத்தம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "ஹொந்தாய், ஹொந்தாய்," என்று அலமேலம்மாளைப் பாராட்டினார். அந்த அம்மாள் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மருந்து கேட்கலாம், பஸ் கேட்கலாம். சாதியைச் சொல்ல அதில் ஒரு வார்த்தையும் எனக்குத் தெரியவில்லை.

பெரிய கங்காணிக்குக் காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்த சமயத்தில் மருமகள் விசாலம் படுத்தாள். முழுகாமல் இருந்தாள். இந்த வீட்டில் என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஜீவன். உடம்பு அனலாய்க் கொதித்தது, கண் திறக்கவில்லை. டிஸ்பென்சர் பார்த்துவிட்டு, அதே டைபாய்டுதான் என்றார். ஒரே வீட்டில் இன்னொருவருக்கு எப்படி வந்தது என்று கேட்டார்.

அலமேலம்மாள் என்னைக் காட்டினார். "இவ கைதாங்க. எங்க குடும்பத்துல யாருக்கும் அசிங்கம் கெடையாது. கிளவுஸ் மாட்டாம இவள அடுப்படியில விட்டதே இல்ல. இவ மருந்து வாங்கப் போயிருந்த அன்னைக்குப் பெரியவரு படுக்கையெல்லாம் நனைச்சுட்டாரு. நானே அந்தக் கிளவுஸ மாட்டித்தான் துணிய எடுத்தேன். தண்ணி ஊத்தி அலசித் திரும்ப அந்த ஆணியிலதான் மாட்டுனேன். நாங்க அவ்வளவு சுத்தங்க."

மருந்து வாங்கப் போன அந்த நாள் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்குத் திரும்பி வந்ததும் அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டுதான் விசாலத்துக்கு மோர் கலக்கிக் கொடுத்தேன். கையால் மாங்காய்த் துண்டும் எடுத்து வைத்தேன். கங்காணியின் மலம் பட்ட ரப்பர் விரல்களால்.

டிஸ்பென்சருக்கு அவ்வளவு வேகமான தமிழ் பிடிபடவில்லை. கிளவுஸ் என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அத் ஹோதன்ன ஓனே. கைய நல்லாக் கழுவணும், தெரியுமா?" என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டிலேயே தோல் உரிந்த கை என்னுடையது ஒன்றுதான். அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

அப்போது எனக்கு விசா மறந்துபோயிற்று. ஆணியில் இருந்த கையுறையை ஒரு குச்சியால் தூக்கி எடுத்தேன். கையை முழங்கை வரை கழுவினேன். வெறுங்கையோடு சமையற்கட்டுக்குள் போய், அவர்கள் பருப்பு வேகவைக்கும் செப்புப் பானையை அடுப்பில் ஏற்றித் தண்ணீர் ஊற்றி, கையுறையை உள்ளே போட்டேன்.

"அடுப்புல கை வைக்காதடி. இன்னைக்கே உன்னக் கப்பலேத்திடுவேன்," என்றார் அலமேலம்மாள்.

"ஏத்துங்கம்மா. உங்க மருமக எழுந்திரிச்சதும் நானே போறேன். அதுவரைக்கும் இந்தக் கிளவுஸ் அவங்க அறை வாசல்லதான் தொங்கும். உங்களுக்கு ஏத்துக்க முடியலன்னா நீங்களே மாட்டிக்கிட்டு அவங்க மலத்த அள்ளுங்க."

அவர் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வந்து என்னைத் தடுக்க வேண்டுமானால் என்மேல் பட வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் அவருடைய ஆசாரம் எனக்கு உதவியது. தண்ணீர் கொதித்தது, ரப்பர் நாறியது. நான் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போய் விசாலத்தின் அறை வாசல் நிலையில் அடித்து, கையுறையை அதில் மாட்டினேன்.

விசாலம் பிழைத்தாள். வயிற்றுப் பிள்ளையும் தங்கியது. கண் விழித்த பெண் முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க கையெல்லாம் புண்ணாக் கெடக்கே," என்றாள். அந்த வீட்டில் வேறு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என்னைக் கப்பலேற்றவும் இல்லை, பெரிய கங்காணியைப் புரட்டிப் போட இன்னும் ஆள் வேண்டுமே. அடுப்பை மட்டும் இடித்துப் புதிதாய்ப் போட்டார்கள். செப்புப் பானையைக் கொல்லைப்புறம் தேயிலைச் செடிகளுக்குள் வீசிவிட்டார்கள். நான் அதை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, என் கொட்டடிக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, அதில்தான் இப்போது எனக்குச் சோறு பொங்கிக்கொள்கிறேன்.

இன்று காலை விசாலத்தின் அறை நிலையில் ஆணி இருந்த ஓட்டை மட்டும் இருந்தது. சமையற்கட்டு வாசலில் கையுறை தொங்கியது.

"காய்ச்சல்தான் போயிருச்சே. மாட்டிக்கிட்டு வந்து தண்ணி மொண்டு வை," என்றார் அலமேலம்மாள், ஒன்றுமே நடக்காதது போல.

நான் மாட்டவில்லை, உள்ளேயும் போகவில்லை. மூன்று கல் அடுப்பின் முன் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே வட்டகொடையில் ரயில் கூவுகிறது. கப்பலேற்றிவிடுவதாக இனி ஒருமுறை மிரட்டினால் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. எப்போது திரும்பி வருகிறாய் என்று ஊரில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். வரலாம். ஆனால் டீக்கடைச் சுவரில் அந்த ஆணி இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று, இரண்டும் எனக்காகவே அடித்தவை. நான் எந்த ஊர்க்காரி என்று யாராவது கேட்டால், எந்த ஆணியைக் காட்டுவது?