பஸ்ஸில் நெளிந்த விலாங்கு

நம்ம வைகையில் விலாங்கு இன்னும் இருக்கிறது மக்களே, இன்று என் காலடியிலேயே நெளிந்தது!

ஐம்பதுகளில் எங்கள் பள்ளி வாத்தியார்கள் ஆற்றில் பிடித்த மீன்களைப் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் பாதியை இப்போது யாருமே பார்த்ததில்லை. விலாங்கை உயிரோடு பார்க்க நான் மூன்று வருடமாக அலைகிறேன்.

இன்று ஆற்றங்கரை கிராமத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு அண்ணனின் வாளியிலிருந்து அது வழுக்கி விழுந்தது. "பாம்பு! பாம்பு!" என்று மொத்த பஸ்ஸும் சீட் மேல் ஏறியது. கண்டக்டர் செருப்பை ஓங்கினார். நான் பாய்ந்து துண்டால் அமுக்கி, வாளியில் போட்டேன்.

"எங்கன பிடிச்சீங்கண்ணே?"

"ஆத்து முகத்துவாரத்துலதான். கொழம்புக்குக் கொண்டுபோறேன்."

"விட்ருவோம்ணே! இது கடலுக்குப் போனாத்தான் குஞ்சு பொரிக்கும்."

"ஏலே, வீட்ல மசாலா அரைச்சு வச்சிருக்காடா!"

கண்டக்டர் சிரித்துவிட்டார். "இந்தா பாலம் வருது. விடுறதுன்னா வெரசா விட்டுட்டு வாங்க."

அண்ணன் என்னை முறைத்தார். "விடுறேன். ஆனா எங்க வீட்டுக்கு வந்து உன் மதினிகிட்ட நீதான் சொல்லணும்."

விட்டோம்! ஒரே நெளிவில் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

வைகையில் வேறெங்காவது விலாங்கைப் பார்த்தவர்கள் இடத்தைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், மதினியிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள். அவர்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன்.